நெய்யுண்ணி தூங்கும் தெரு

கொட்டகைமேட்டு வேலிக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுச் சணல் காலணி மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பக்தி காரணம் அல்ல. உள்ளே இருந்த மண்ணில் நெய்யுண்ணி இருந்தது. ரப்பர் செருப்போடு நாள் முழுக்க உள்ளே சுற்றியவர்கள் வெறுங்காலோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

நெய்யுண்ணி கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். பெட்ரோல், டீசல், கிரீஸ், தார், அவற்றிலிருந்து செய்த ரப்பர், பிளாஸ்டிக் என்று எதைக் கொடுத்தாலும் தின்று, தண்ணீரும் காற்றுமாக வெளியே விட்டுவிடும். அது வருவதற்கு முன்னால் எண்ணெய் ஊறிய மண்ணோடு மனிதர்கள் படாத பாடு பட்டார்கள். தோண்டியெடுத்துச் சூளையில் சுட்டார்கள். எண்ணெய் போயிற்று, மண்ணும் செத்துப் போயிற்று. சோப்புநீரில் அலசினார்கள். மண் சுத்தமாயிற்று, அலசிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. வெட்டிவேர் நட்டுப் பார்த்தார்கள். பாவம், அது நல்ல வேலைக்காரன்தான், ஆனால் அதன் வேகத்துக்குக் காத்திருக்க யாருக்கும் ஆயுள் போதவில்லை. கடைசியில் பரிசோதனைச் சாலையில் நெய்யுண்ணியை உருவாக்கினார்கள். உலகம் எண்ணெய் எரிப்பதை நிறுத்திய பிறகு, அது விட்டுப்போன கறையையெல்லாம் தின்று தீர்த்தது இந்த உண்ணிதான்.

அதற்குள் ஒரு பசிப்பூட்டு வைத்திருந்தார்கள். மண்ணில் எண்ணெய் தீர்ந்ததும் உண்ணி சுருண்டு தூங்கிவிடும். எண்ணெய் தீர்ந்ததா என்று பார்க்க நிலமெங்கும் தரைக்கோல்கள் நட்டிருந்தன. எண்ணெய் இருந்தால் கோலின் தலையில் மஞ்சள் விளக்கு எரியும். உண்ணி விழித்திருந்தால் சிவப்பு விளக்கு. இரண்டும் அணைந்து கோல் காட்டும் எண் சுழியத்தைத் தொட்டால், மண்மீட்பு வாரியம் வேலியைத் திறந்து பழைய குடிகளை உள்ளே விடும். சுழியத்துக்கு ஒரு புள்ளி மேலே என்றாலும் திறக்காது. விழித்திருக்கிற உண்ணி பக்கத்துத் தெரு மின்கம்பியின் உறையையும் தார்ச்சாலையையும் தின்ன ஆரம்பித்தால் யார் பதில் சொல்வது?

வடசென்னையில் எல்லா வேலிகளும் திறந்துவிட்டன. கொட்டகைமேடு மட்டும் திறக்கவில்லை.

அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பெயர் தர்ஷிகா. அவள் பிறந்த காலத்தில் அது குழந்தைகளுக்கு வைக்கிற புத்தம்புதுப் பெயர். இப்போது அந்தப் பெயரைக் கேட்டாலே ஓய்வுபெறப் போகிறவர் என்று தெரிந்துவிடும். அவளுக்குக் கீழே வேலை பார்த்த இளைஞன் முனிரத்தினம். பழைய பெயர்கள் மறுபடியும் நாகரிகமாகிவிட்டிருந்தன.

தர்ஷிகா கொட்டகைமேட்டிலேயே பிறந்தவள். தெரு முழுக்க மெக்கானிக் ஷெட்டுகள். அவள் அப்பாவின் ஷெட் நடுவில் இருந்தது. ஷேர் ஆட்டோவும் குட்டி யானை லாரியும் வயிற்றைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்கும். இன்ஜின் எண்ணெயை மாற்றினால் பழையதை வாசலிலேயே கொட்டுவார்கள், புழுதி அடங்குமே என்று. மழை பெய்தால் தெருக் குட்டையெல்லாம் வானவில் மிதக்கும். பிள்ளைகள் அதைக் குச்சியால் கலைப்பார்கள், அது மறுபடி சேரும். அப்பா மரத்தூளும் சோப்பும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். ஆனாலும் அவர் பிசைந்து ஊட்டிய சோற்றில் லேசாக டீசல் வாசம் இருக்கும். அந்த வாசம் இல்லாத சோறு தர்ஷிகாவுக்கு இன்றுவரை முழுச் சோறாகத் தோன்றியதில்லை.

தெருவில் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு வந்தது, குழாய்த் தண்ணீர் கறுத்தது, கடைசியில் எல்லாரையும் ஊருக்கு வெளியே வேம்படிக் காலனியில் கொண்டுபோய் வைத்தார்கள். மண் சுத்தமானதும் திரும்பலாம் என்றார்கள். வாக்குக் கொடுத்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் தர்ஷிகா மண்ணியல் படித்து, வாரியத்தில் சேர்ந்து, வேறு ஊருக்கு வந்த பதவி உயர்வையெல்லாம் மறுத்து இங்கேயே கிடந்தாள்.

ஆனால் கொட்டகைமேட்டு எண் ஒரு விசித்திரமான பேர்வழி. ஆண்டு முழுக்க ஒழுங்காக இறங்கிக்கொண்டே வரும். ஆனியில் சுழியத்தின் வாசல்வரை வந்து நிற்கும். ஆடி முடிந்து பார்த்தால் சட்டென்று ஏறியிருக்கும். பருவம் மாறும்போது நிலத்தடி நீர் அசைந்து ஆழத்தில் கிடக்கும் எண்ணெயை மேலே தள்ளுகிறது என்று தர்ஷிகாவே ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அதை வெளிநாட்டுக்காரர்கள்கூட மேற்கோள் காட்டினார்கள்.

அந்த ஆண்டு வாரியத் தலைவர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"தைக்குள்ள சுழியம் வரலைன்னா மூடிப்போட்டுடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம் தர்ஷிகா. களிமண், மேல கான்கிரீட். இனிமே அந்த நிலத்துக்காகக் காத்திருக்க முடியாது."

"மூடிட்டா அதுக்கப்புறம் யாருமே போக முடியாதே சார்."

"அதுக்குத்தானே மூடறோம்" என்றார் அவர். கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார்.

ஆடியில் ஒருநாள் மட்டும் காலனிக்காரர்களை உள்ளே விடுவது வழக்கம். தெருமுனையில் பட்டறையம்மன் கோயில் இருந்தது. கோயில் என்றால் இடுப்பளவு கல்லும் தலைக்குமேல் ஒரு தகரமும்தான். அன்று தரைக்கோல்களைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள், கூட்டம் மிதித்து உடைத்துவிடக் கூடாதே என்று. எல்லாரும் சணல் காலணியோடு கூழ்ப்பானைகளைச் சுமந்துகொண்டு போவார்கள். முன்னால் போகிறவர் காலனிச் சங்கத் தலைவர் நிரோஷன். ஒரு காலத்தில் பேட்டரிக்காரர். இப்போது காலனியில் பஜ்ஜிக்கடை வைத்திருந்தார். தர்ஷிகாவுக்கு எதிர்வீட்டு அண்ணன்.

அந்த ஆடியிலும் கூழ் ஊற்றினார்கள். கற்பூரம் காட்டும்போது, எப்போதும்போல, அந்த வாசம் வந்தது. இன்ஜின் எண்ணெய், சூடான இரும்பு, கை துடைக்கிற பனியன் வேஸ்ட் எல்லாம் கலந்த பழைய வாசம். பெரியவர்கள் முந்தானையாலும் துண்டாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். தர்ஷிகாவும் அழுதாள். அப்பா பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான். உண்ணி தின்று தீர்த்த இடத்தில் எண்ணெய் வாசம் வர வழியில்லை, நினைவுதான் மணக்கிறது என்று அவள் நம்பியிருந்தாள். மண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் அவ்வளவு எளிதாக ஏமாந்திருந்தாள்.

வெளியே வந்து சணல் காலணியைக் கூடையில் போடும்போது, வலதுகால் சணல் நுனி கறுத்திருப்பதைப் பார்த்தாள். தொட்டாள். அப்பா செய்வதுபோல் இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். வழவழப்புக்குள் இரும்புப் பொடியின் நெருடல். ஓடி ஓய்ந்த இன்ஜின் எண்ணெய். மண்ணுக்கடியிலிருந்து கசிந்து வந்தது இவ்வளவு கெட்டியாக இருக்காது. யாரோ அப்போதுதான் ஊற்றியிருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் வேம்படிக் காலனிக்குப் போனாள். நிரோஷன் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்.

"வா தர்ஷி. ரெண்டு பஜ்ஜி போடட்டா?"

"அம்மன் காலடியில எண்ணெய் ஊத்துறது யாருண்ணே?"

நிரோஷன் சீவுவதை நிறுத்தவில்லை. "வேற யாரு? நான்தான். எங்கப்பா ஊத்துனாரு, அப்பறம் நான் ஊத்துறேன். ஷெட்டுல வருசத்து மொத எண்ணெய் ஆத்தாளுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"இப்ப ஷெட்டே இல்லியேண்ணே. எண்ணெய் ஏது?"

"காலி பண்ணிக்கினு வரும்போது ஒரு கேன் எடுத்தாந்து வெச்சேன். எங்கப்பா கடைசியா கழட்டுன வண்டியோட எண்ணெய். வருசத்துக்கு ஒரு பாட்டிலு. கூழுக்குள்ள வெச்சு எடுத்துக்கினு போவேன், வேலி வாசல்ல கீற உங்க மோப்பப்பொறி கண்டுபுடிக்காது." அவர் சிரித்தார். "நம்ம சனம் அந்த வாசத்துக்குத்தான் வருது தர்ஷி. அது இல்லாங்காட்டி அங்க இன்னா கீது? பொட்டல்."

தர்ஷிகாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எவ்வளவோ பக்குவமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள், படபடவென்று கொட்டிவிட்டாள்.

"அந்த ஒரு பாட்டிலுதாண்ணே கோல் காட்டுற நம்பரை மேல ஏத்துது. நீங்க ஊத்துறதாலதான் வேலி தொறக்கல. நாம திரும்பிப் போகாம இருக்கிறதே அதனாலதான்."

நிரோஷனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மணையில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா இங்கதான் செத்துச்சு தர்ஷி. கடைசிவரைக்கும் எப்படா வீட்டுக்குப் போவோம்னு கேட்டுக்கினே இருந்துச்சு." உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "நானா பூட்டு போட்டுக்கினு இருந்தேன்?"

அவரைத் திட்ட வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருவை அவ்வளவு நேசித்ததைத் தவிர அவர் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை. கேனில் மிச்சம் இருந்ததை அவரே எடுத்து வந்து கொடுத்தார். வாரியத்தின் எரிகலனில் அதை ஊற்றும்போது தர்ஷிகா மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. தீரும்வரை முகர்ந்துகொண்டே நின்றாள்.

பிறகு நடந்தது நெய்யுண்ணியோடு ஓட்டப்பந்தயம். எண்ணெய் மட்டும் இருந்தால் உண்ணிக்குப் போதாது, காற்றும் தழைச்சத்தும் வேண்டும். கோயிலைச் சுற்றி உழுபொறியை விட்டு மண்ணைப் புரட்டிப் புரட்டிக் காற்றுக் கொடுத்தாள். யூரியாக் கரைசலைப் பதமாகத் தெளித்தாள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டாள். முனிரத்தினம் கோலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மார்கழிப் பனியில் ஒரு காலை மஞ்சள் விளக்கு அணைந்தது. சற்றுப் பொறுத்துச் சிவப்பும் அணைந்தது.

"மேடம், தூங்கிடுச்சு!" என்று அவன் கத்திய கத்தலில் காவலர்கள் ஓடி வந்தார்கள்.

தையில் வேலி திறந்தது. மேளம் அடித்துக்கொண்டு காலனியே வந்து இறங்கியது. மண் பொன்னிறமாக இருந்தது. எந்த வாசமும் இல்லை. தர்ஷிகா அப்பாவின் ஷெட் இருந்த இடத்தைத் தேடி முன்னும் பின்னும் நடந்தாள். நிலம் முழுவதும் ஒரே சீராக இருந்ததால் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் வரைபடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். மற்றவர்களும் யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர்கள்போல் நின்றார்கள். ஒருவர்கூட அழவில்லை. புது வீடு கட்டினால் பழகிவிடும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள்.

வீடுகள் வந்தன. கூடவே ஒரு விதியும் வந்தது. உண்ணி சாகவில்லை, தூங்குகிறது. ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் எழுந்துவிடும். நல்லெண்ணெய் பூமிக்கடியில் பிறக்கவில்லை என்றாலும், உள்ளே பிரித்துப் பார்த்தால் டீசலுக்குச் சொந்தக்காரன்தான். உண்ணிக்கு இரண்டும் சாப்பாடு. ஆகவே கொட்டகைமேட்டில் எந்த எண்ணெயும் கூடாது. தாளிக்கக் கூடாது, விளக்கேற்றக் கூடாது, தலையில் தடவக் கூடாது.

முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் ஆசைப்பட்டு வஞ்சிரம் வறுத்தார்கள். சட்டி கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றினார்கள். விடிவதற்குள் அந்த வீட்டு மின்கம்பி உறையை இழந்து பளபளவென்று நின்றது. நல்லவேளை, யாரும் தொடவில்லை. அதன்பிறகு எல்லாரும் ஆவியில் வேகவைத்தே சாப்பிட்டார்கள். மீன் வறுக்கிற வாசம் இல்லாத வடசென்னைத் தெரு அது ஒன்றுதான். பெண்களின் தலைமுடி வைக்கோல்போல் ஆயிற்று. அம்மனுக்கு முன்னால் மின்விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினால்கூட, "எண்ணெய் இல்லியே?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். சுத்தமாக வாழ்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களும் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

வேம்படிக் காலனி வீடுகளை வாரியம் இன்னும் திரும்ப வாங்கவில்லை. யார் முதலில் போனது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை பெண்கள் பேருந்தேறி அங்கே போய் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார்கள். சனிக்கிழமை ஆண்கள் போனார்கள். கூட்டத்தைப் பார்த்த நிரோஷன் பூட்டிய பஜ்ஜிக்கடையை மறுபடி திறந்தார். முன்வாசல் வேப்பமரத்தடியில் எண்ணெய்த் தலையோடு ஊறிக்கொண்டு, பஜ்ஜி தின்றுகொண்டு, பழைய கதை பேசினார்கள். எந்தக் கதை? காலனிக்கு வந்த புதிதில் தண்ணீர் லாரிக்குச் சண்டை போட்டது, முதல் மழைக்கு ஒழுகிய கூரை, இந்த மரத்தடியில் நடந்த கல்யாணங்கள். கொட்டகைமேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கேதான் இருக்கிறோமே என்று நினைத்தார்களோ என்னவோ.

சில மாதங்களில் பேருந்தில் ஏறும்போது, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "ஊருக்கு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தர்ஷிகாவும் ஒருநாள் அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திடுக்கிட்டாள்.

இதற்குள் ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டார்கள். உண்ணி தூங்குகிறதென்று கொட்டகைமேட்டில் சணல் காலணி வழக்கத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். தூங்குகிற உண்ணி கால் புழுதியில் ஒட்டிக்கொண்டு பேருந்தேறும் என்று யாரும் யோசிக்கவில்லை. பொறுப்பான அதிகாரியும் வாராவாரம் அதே பேருந்தில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை தர்ஷிகா தலை நிறைய எண்ணெயோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினாள். கைப்பிடி மட்டும் மேலே வந்தது. வெந்நீர் பொலபொலவென்று மண்ணில் இறங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி குவளையை எடுத்தாள். விரல் உள்ளே போயிற்று. சிரிப்பு மெதுவாக நின்றது. தர்ஷிகா எழுந்து பஜ்ஜிக்கடைச் சுவரில் ஓடிய மின்கம்பியைப் பார்த்தாள். அது பளபளத்தது. எத்தனையோ ஆண்டுப் பஜ்ஜி எண்ணெயும் தலைமுழுக்குத் தண்ணீரும் ஊறிய மண். உண்ணிக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடைக்காது.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வாரியத்துக்குச் செய்தி சொன்னாள். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. குழந்தைகள் ஓடுகிற இடம், சொல்லித்தான் ஆகவேண்டும்.

முனிரத்தினம் வண்டியில் வந்து இறங்கினான். பின்னால் வேலிக் கம்பங்கள் ஏற்றிய லாரி. மேலதிகாரி எண்ணெய்த் தலையோடு நிற்பதைப் பார்த்து அவனுக்கு வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"மேடம், இந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லி ஆர்டர். எல்லாரையும் கொட்டகைமேட்டுக்கே அனுப்பிடச் சொல்றாங்க."

"கோலைக் கொண்டு வந்திருக்கியா?"

"இதோ." மண்ணில் குத்தப் போனான்.

"மண்ணு இருக்கட்டும்பா. முதல்ல என்னை அளந்து பாரு."

"மேடம்..."

"அளந்து பாரு முனிரத்தினம்."

அவன் தயங்கித் தயங்கிக் கோலின் நுனியை அவள் பின்னலில் வைத்தான். மஞ்சள் எரிந்தது. சிவப்பும் எரிந்தது. எண் ஓடிப்போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, கோல் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தான். பிறகு மண்ணில் குத்திப் பார்த்தான். மண்ணில் குறைவாகத்தான் இருந்தது.

"இப்படியே எங்களை அங்க அனுப்பினா, தூங்கறதெல்லாம் எழுந்துக்கும். இங்க வெச்சு வேலி போட்டா, நாங்க உள்ள இருக்கிறவரைக்கும் இந்த மண்ணு சுழியமாகாது" என்றாள் தர்ஷிகா. "லாரியைத் திருப்பு. வேலியை எங்க போடறதுன்னு தலைவரையே வந்து சொல்லச் சொல்லு."

முனிரத்தினம் லாரியைப் பார்த்தான், ஈரத்தலையோடு நின்ற பெண்களைப் பார்த்தான். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கப் போனார். தரையில் வைக்கப்போன காலைப் பாதியில் தூக்கிக்கொண்டு ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

நிரோஷன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கைகளில் கடலைமாவு காய்ந்திருந்தது. பிறகு, வேலி போட வருகிற அதிகாரிகளிடம் எல்லா ஊர்க்காரர்களும் கேட்பதையே அவரும் கேட்டார்.

"எப்ப சுழியமாவும் தர்ஷி?"

இந்தக் கேள்விக்கு அவள் வாழ்நாளெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். மண்ணின் ஆழம், எண்ணெயின் அளவு, காற்று, ஈரம் எல்லாம் போட்டுப் பார்த்துத் துல்லியமாகச் சொல்வாள்.

"மண்ணுக்குன்னா கணக்குப் போட்டுச் சொல்லிடுவேண்ணே" என்றாள். "நமக்குத்தான் தெரியல."